விடியற்காலையில் நின்றுபோகும் ஃபிரிட்ஜ்

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நானும் என் கணவரும் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். பின்பக்கம் விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஏ.ஜி.எம். (மூடிய வகை ஈய) பேட்டரிதான். அதற்கு ஐந்து வயது. கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறது. போன வருடம்வரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது எங்கே தங்கினாலும் விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. என் இன்சுலின் அதற்குள் இருக்கிறது, அதனால் நானும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்கிறேன். இருக்கைக்கு அடியில் இன்னொரு பேட்டரி வைக்க இடம் உண்டு. அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிச் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். சேர்ப்பதுதான் சேர்க்கிறோம், லித்தியமாகச் சேர்ப்போம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, இன்றைக்கு இரண்டு பேர் சொல்வதையும் செய்ய வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, "போன வருடம்வரை ஒரு தொந்தரவும் இல்லை" என்பது. ஃபிரிட்ஜ் மாறவில்லை, ஃபேன் மாறவில்லை, நீங்களும் அதே இருவர்தான். அப்படியென்றால் உங்களுக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படவில்லை, இருந்தது எங்கேயோ குறைந்திருக்கிறது. எங்கே என்று தெரியாமல் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினால், கோளாறும் உள்ளேயே இருக்கும், புதிய பேட்டரியும் போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், என் சொந்த வண்டியில் நாலு வயது பேட்டரிக்குப் பக்கத்தில் புத்தம்புது பேட்டரியைக் கட்டினேன். ஒரு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான். சந்தேகப்பட்டு ஒருநாள் இரண்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, தனித்தனியாக இரவு முழுக்க வைத்தேன். காலையில் புதியது 12.7 வோல்ட் காட்டியது. பழையது 12.3க்கு இறங்கியிருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை, தானாகவே இறங்கியிருக்கிறது. சேர்த்துக் கட்டியிருந்த நாளெல்லாம் புதியதுதான் ராத்திரி முழுக்கப் பழையதற்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருடத்துக்குள் புதியதும் அதே நிலைக்கு வந்தது. அன்றிலிருந்து நான் யாருக்கும் பழசோடு புதுசைக் கட்டித் தருவதில்லை. ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நேரத்தில் வாங்கியவை. இவை மூன்றும் பொருந்தினால்தான் ஈய பேட்டரிகளை ஜோடி சேர்க்கலாம்.

சரி, எங்கே குறைந்தது? பார்க்க இரண்டு இடம் உண்டு: பேட்டரி, ஒயர்.

ஒயரைச் சொல்வதற்கு முன் ஒன்று. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்குள் ஒரு காவல் இருக்கிறது. தன்னிடம் வந்து சேரும் வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது தானே நின்றுகொள்ளும், பேட்டரி அடியோடு காலியாகாமல் இருப்பதற்காக. ஆனால் அது பார்ப்பது தன் வாசலில் இருக்கும் வோல்ட்டை மட்டும்தான். பேட்டரி முனையில் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சில வருடம் முன்பு ஒரு வண்டி என்னிடம் வந்தது. உரிமையாளர் ஒன்றுக்கு மூன்றாக பேட்டரி வைத்திருந்தார், அப்படியும் ஃபிரிட்ஜ் இரவில் நின்றது. ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தேன், 12.4. ஃபிரிட்ஜின் பின்னால் போய் அதே மீட்டரை வைத்தேன், 11.5. நடுவில் 0.9 வோல்ட் காணோம். ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் ஃபியூஸ் ஹோல்டர் கையில் சுட்டது. அதன் லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) லேசாக இழுத்தேன், பச்சை பூத்த செம்பு இழைகளோடு ஒயர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. ஒயரும் 1.5 சதுர மில்லிமீட்டர்தான். அந்தத் தடிமனில் போக வர 12 மீட்டர் ஓடி 5 ஆம்பியர் எடுத்தாலே 0.7 வோல்ட் வழியில் போய்விடும், லக் நன்றாக இருந்தாலும்கூட. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் புதிதாக இழுத்தோம். கணக்குப்படி அதில் 0.2க்குள் அடங்கும். மூன்றாவது பேட்டரியை அவர் கழற்றிக்கொண்டு போனார்.

ஆகவே உங்கள் முதல் வேலை: ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, ஃபிரிட்ஜின் பின்னால் ஒரு அளவு. வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் என்றால் ஒயரையும் ஃபியூஸ் ஹோல்டரையும் பாருங்கள்.

இரண்டாவது வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜரையும் சோலாரையும் நிறுத்திவிட்டு நாலைந்து மணி நேரம் சும்மா விடுங்கள். நல்ல ஏ.ஜி.எம். என்றால் 12.8 அக்கம்பக்கம் நிற்க வேண்டும். பிறகு 5 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 60 வாட், நிலையாக இழுக்கும் ஏதாவதை ஓட விடுங்கள். விளக்குகளை எல்லாம் போட்டு, ஃபேனையும் போட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். 100 ஏ.எச். என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு அர்த்தமே, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பதுதான். எனவே 10 மணி நேரத்தில் பாதி தீர வேண்டும். பாதி தீர்ந்த பேட்டரியை ஓய்வாக விட்டு அளந்தால் 12.2, 12.3 காட்டும். உங்களுடையது நாலு மணி நேரத்திலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்றால், உள்ளே 100 இல்லை, 40 தான் மிச்சம் இருக்கிறது. என் ஊகம் அதுதான். ஈய பேட்டரியை முழுசாக ஏற்றாமலே மாதக்கணக்கில் வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அந்த இடம் பிறகு வேலை செய்யாது.

இப்போது உங்கள் செலவைப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர், நாளில் 10 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 40 ஏ.எச். விளக்குக்கு 8. இரவு முழுக்க ஃபேன் 12. பம்ப் கால் மணி நேரம்தான் ஓடும், 1 போதும். போன் சார்ஜ், இதர சில்லறை 5. ஆக 66. நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் 25 முதல் 30 ஏ.எச். தரும். மேகம் என்றால் அதிலும் பாதி. தினம் 36 பற்றாக்குறை. வண்டி ஓடும்போது எஞ்சின் அதை ஈடுகட்டியிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கினால் யார் கட்டுவது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேட்டரி என்பது தொட்டி. தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டால் கிணற்றில் நீர் ஊறாது. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கணக்கில் 100க்கு 50 கைக்கு வரும். தினம் 36 பற்றாக்குறை என்றால் ஒன்றரை நாள் தாங்கும். 200 ஆக்கினால் மூன்று நாள் தாங்கும். அவ்வளவுதான். நாலாம் நாள் அதே விடியற்காலை, அதே நான்கு மணி. தினம் வண்டியை நகர்த்துகிறவர்களுக்கு அந்த மூன்று நாள் தாராளம். அசையாமல் ஒரு வாரம் தங்குகிறவர்கள் பேட்டரிக்கு முன்னால் இரண்டாவது பேனலை யோசிக்க வேண்டும்.

எனவே என் முடிவு இது. சோதனையில் பேட்டரி தேறாவிட்டால் அதை எடுத்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டு 100 ஏ.எச். ஏ.ஜி.எம். சேர்ந்து வாங்குங்கள். கூடவே 100 வாட் பேனல் இன்னொன்று. கூடுதல் பேட்டரி 30 கிலோ வரும். ஏற்கெனவே பழைய வண்டி, அனுமதித்த மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.

கட்டும்போது: இரண்டையும் தனித்தனியே முழு சார்ஜ் ஏற்றி, இரண்டும் ஒரே வோல்ட் காட்டிய பிறகே சேர்க்க வேண்டும். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இதன் பிளஸ்ஸை அதன் மைனஸில் கட்டிவிட்டு மிச்ச இரு முனைகளில் வண்டியை மாட்டினால் 24 வோல்ட் ஆகிவிடும், பம்பும் விளக்கும் அத்தனையும் கருகும். வண்டிக்குப் போகும் பிளஸ் கேபிளை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸ் கேபிளை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள், குறுக்காக. இரண்டையும் முதல் பேட்டரியிலேயே எடுத்தால் அது அதிகம் உழைத்து முதலில் தேய்ந்துபோகும். பேட்டரி ஒவ்வொன்றுக்கும் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ். ஒரு முழம் தள்ளிப் போட்டால் அந்த ஒரு முழக் கேபிளுக்குப் பாதுகாப்பே இல்லை. அது தேய்ந்து பாடியில் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், தீதான் மிச்சம். பேட்டரி நகராமல் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், திடீர் பிரேக்கில் 30 கிலோ பறந்து வரக் கூடாது.

வேலை தொடங்கும்போது உங்கள் கணவரை மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சோலார் பேனல் இணைப்பை முதலில் எடுத்துவிட்டுத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். நான் ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியே வைத்திருக்கிறேன். பிளஸ்ஸை முடுக்கும்போது நுனி பாடியில் பட்டாலும் பொறி கிளம்பாது.

மகனுடைய யோசனைக்குக் கீழே இன்னொரு வாசகருக்கு எழுதியிருக்கிறேன், அவரையும் படிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடியும்வரை இன்சுலினை ஐஸ் பேக் போட்ட ஒரு சின்ன குளிர்ப்பெட்டியில் தனியாக வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி வையுங்கள், உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் நான்கு மணிக்கு எழுந்திருப்பதாவது நிற்கட்டும்.

கேள்வி: இரண்டு 100 ஏ.எச். பேட்டரி புதிதாகவே போட்டேன். 1000 வாட் இன்வெர்ட்டரில் கெட்டிலைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பீப் அடித்து நிற்கிறது. அணைத்துவிட்டுப் பார்த்தால் பேட்டரி 12.6 காட்டுகிறது. மூன்றாவது பேட்டரி வேண்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிளின் தடிமன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு சந்தேகமெல்லாம் அதன்மேல்தான். 1000 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க, இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்து 95 ஆம்பியர் அளவுக்குப் பாய வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் போக வர 6 மீட்டர் இருந்தால் அதில் மட்டுமே 1 வோல்ட் போய்விடும். சுமையில் பேட்டரியும் 12க்குக் கீழே இறங்கும். இன்வெர்ட்டர் வாசலில் 10.8 நிற்கும்போது அது பீப் அடிக்காமல் என்ன செய்யும்? 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் அதே தூரத்தில் 0.3 தான் போகும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகே நகர்த்தி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 220 வோல்ட் ஒயரை நீட்டலாம், 12 வோல்ட் ஒயரை நீட்டக் கூடாது. கேபிளை வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஈய பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அது தருவதே குறையும். 1897இலேயே போய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். ஒரு 100 ஏ.எச். ஈய பேட்டரி 5 ஆம்பியரில் 20 மணி நேரம் தரும் என்பதால் 100 ஆம்பியரில் ஒரு மணி நேரம் தரும் என்று நினைக்கக் கூடாது, அவ்வளவு நேரம் தாங்காது. இரண்டு பேட்டரி பகிர்ந்துகொள்வதால் உங்களுக்கு ஓரளவு பரவாயில்லை. கெட்டில் கொதிக்கும் ஐந்து நிமிடத்துக்கு இரண்டே போதும்.

கேள்வி: பேட்டரி மானிட்டர் வைத்திருக்கிறேன். இரண்டாவது பேட்டரி சேர்த்த நாளிலிருந்து அது எப்போதும் 90 சதவீதத்துக்கு மேலேயே காட்டுகிறது, ஆனால் விளக்கு மங்குகிறது. மானிட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: மானிட்டர் பாவம், அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது. புதிய பேட்டரியின் மைனஸ் ஒயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், நேராக பாடியிலோ மைனஸ் கட்டையிலோ முடிந்திருக்கும். மானிட்டருக்கு ஷன்ட் (மைனஸ் கேபிளில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் துண்டு) வழியாகப் போவது மட்டும்தான் கணக்கு. பேட்டரிகளின் மைனஸ் முனைகளிலிருந்து ஷன்ட்டுக்குப் போகும் ஒரே ஒரு கேபிளைத் தவிர வேறெதுவும் அங்கே இருக்கக் கூடாது. சோலார், சார்ஜர், பாடி எல்லாமே ஷன்ட்டின் மறுபக்கம். மாற்றிய பிறகு மானிட்டரின் அமைப்பில் 100ஐ 200 ஆக்க மறக்காதீர்கள். பிறகு ஒருமுறை முழு சார்ஜ் ஏற்றி, அதையே 100 சதவீதமாக வைத்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்கவிடுங்கள்.

கேள்வி: ஏ.ஜி.எம். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு ஒரு 100 ஏ.எச். லித்தியத்தைச் சேர்க்கலாமா? எஞ்சினிலிருந்து ரிலே (எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைப்பு தரும் சுவிட்ச்) வழியாக சார்ஜ் ஆகிறது.

பதில்: நேரடியாகச் சேர்க்கக் கூடாது. வண்டிகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஓய்வில் 13.3 வோல்ட் அளவில் நிற்கும், ஏ.ஜி.எம். 12.8இல் நிற்கும். சேர்த்துக் கட்டினால் லித்தியம் ஏ.ஜி.எம்மை ஏற்றிக்கொண்டே இருக்கும். லித்தியம் கிட்டத்தட்ட காலியாகும்வரை ஏ.ஜி.எம். வேலைக்கே வராது. இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும் முறையும் வேறு. மாறுவதானால் முழுசாக மாறுங்கள். 12 கிலோதான் எடை, 100இல் 80க்கு மேல் தைரியமாக எடுக்கலாம். இரண்டு ஈய பேட்டரியின் வேலையை அது ஒன்றே பார்க்கும்.

ஆனால் அந்த ரிலேயை விட்டுவைக்காதீர்கள். ஈய பேட்டரி நிரம்ப நிரம்பத் தானாகவே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். லித்தியம் கடைசிவரை கொடுப்பதையெல்லாம் விழுங்கும். ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) முழுச் சுமையில் மணிக்கணக்கில் ஓடும்படி செய்யப்பட்டதில்லை. அதுவும் வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் விசிறிக்கும் வேகம் இருக்காது, சுருள் கருகிவிடும். இன்னொரு ஆபத்து, லித்தியத்தின் உள்ளே இருக்கும் காவல் சுற்று ஏதோ காரணத்தால் சட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரில் வோல்ட் எகிறி டயோடுகள் போய்விடும். ரிலேக்குப் பதிலாக 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள், எஞ்சின் எவ்வளவு கொடுக்க முடிந்தாலும் 30க்கு மேல் இழுக்காது. பழைய சார்ஜரில் சல்பேட் நீக்கும் முறை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அந்த உயர் வோல்ட் லித்தியத்துக்கு ஆகாது. குளிர்ப் பிரதேசம் போகிறவர் என்றால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறாமல் தடுக்கும் வசதி உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் சூடு படும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: படுக்கைக்கு அடியில் கூடவே கூடாது. அது தண்ணீர் ஊற்றும் வகை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். மூடிய இடத்தில் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அதன் மேலேதான் நீங்கள் தூங்கப் போகிறீர்கள். வெளியே குழாய் விட்ட, வண்டிக்குள் வாயு கசியாத பெட்டி செய்து வைத்தாலும், வளைவில் ஆசிட் தளும்பாமல், மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மூடியைத் திறக்க இடம் விட்டு, 50 கிலோவுக்கு மேல் வரும் அதை இறுக்கிக் கட்டவும் வேண்டும். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வண்டிக்கு மூடிய வகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.